பாறை பக்கத்தில் ஜிபிஎஸ் தடுமாறினால்

மதுரை பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி இடங்களில் ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த மலையில் உள்ள செட்டிப்புடவு குகை பக்கம் பாறையை ஒட்டி நின்றால், போனில் டப்பா இருக்கும் திசையைக் காட்டும் அம்பு ஒரு நிலையில் நிற்காது. இப்போது 6 மீட்டர் என்று காட்டும், இரண்டு எட்டு வைப்பதற்குள் 25 மீட்டர் என்று சொல்லும். போனில் கோளாறு இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு தப்புகிறது.

அம்பின் பின்னாலேயே ஓடாதீர்கள். அடிவாரத்தில் தாமரைக்குளம் பக்கம் வானம் திறந்த இடத்தில் இரண்டு நிமிடம் போனை அசைக்காமல் வைத்திருங்கள். அங்கிருந்து திசையையும் தூரத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு நடங்கள். கடைசி 10 மீட்டருக்கு போன் வேண்டாம், கண்தான். வேர் இடுக்கு, இயல்பில்லாமல் அடுக்கிய கற்கள் என்று பாருங்கள்.

அப்புறம், டப்பா இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எழுதும்போது கவனம். அதை டிகிரி, நிமிடம் என்று எழுதுவார்கள்; இந்த நிமிடம் நேரம் இல்லை, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 2 மீட்டர்தான் தள்ளும். முதல் தசம இலக்கம் ஒன்று மாறினால் 180 மீட்டருக்கு மேல் போய்விடும்!

நீங்களே டப்பா வைப்பதாக இருந்தால், தீர்த்தங்கரர் சிற்பம், வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கும் பாறைப் பக்கமே வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய எழுத்து அது. தேடுகிறவர் கை தெரியாமல் உரசினாலும் போச்சு. குழி தோண்டுவதும் ஜியோகேச்சிங் விதிப்படி கூடாது.