தொண்ணூறு நாள், தொண்ணூறு அதிகாரம்: ஞானத்தைத் தேடி வேதத்தையும் தத்துவத்தையும் சேர்த்து வாசிக்க ஒரு வழி

நீதிமொழிகள் 31 அதிகாரம், யோபு 42, பிரசங்கி 12, யாக்கோபு 5. கூட்டினால் 90. நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மூன்று மாதம். பெங்களூருவில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே அல்லாடுகிறவர்களுக்கும் இது முடிகிற காரியம்தான். ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி உட்கார இடம் கிடைத்தால், எம்.ஜி. ரோடு வருவதற்குள் ஓர் அதிகாரத்தை இரண்டு முறை வாசித்துவிடலாம். ஆனால் வாசித்து முடிப்பதால் மட்டும் ஞானம் வந்துவிடாது. வசனத்தை எடை போட்டுப் பார்க்கப் பழக வேண்டும். கிறிஸ்தவ மரபில் இறையியலாளர்களும் தத்துவஞானிகளும் அந்தப் பழக்கத்துக்கு நல்ல கருவிகளை விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். "வாழ்க்கையின் அர்த்தம் என்ன" என்ற மாதிரி வேண்டாம். அப்படி எழுதினால் தொண்ணூறாம் நாளும் அது அப்படியே நிற்கும். உங்கள் வீட்டில் இப்போது முடிவு எடுக்க வேண்டியிருப்பது எது? "அப்பா போன பிறகு தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் தனியாக இருக்கும் அம்மாவை பெங்களூருவுக்கு அழைத்து வருவதா?" இது நல்ல கேள்வி. ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிகிற கேள்வி, பதில் தப்பானால் ஒருவருக்கு வலிக்கிற கேள்வி.

தேவையானவை அதிகமில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தமிழ் வேதாகமம். முடிந்தால் இரண்டு: பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் ஒன்று. இந்திய வேதாகமச் சங்கம் எம்.ஜி. ரோட்டிலேயே இருக்கிறது. திருவிவிலியத்தில் பிரசங்கி "சபை உரையாளர்" என்று இருக்கும். தேடித் தடுமாற வேண்டாம்.

தினமும் இருபத்தைந்து நிமிடம் போதும். முதலில் யாக்கோபு 1:5-ஐ ஜெபமாகச் சொல்லுங்கள்: ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார். பிறகு அன்றைய அதிகாரத்தை வாய்விட்டு ஒரு முறை, மனதுக்குள் ஒரு முறை வாசியுங்கள். மெட்ரோவில் என்றால் இரண்டு முறையும் மனதுக்குள்தான். அன்று கொஞ்சம் மெதுவாகப் போங்கள். அப்புறம் நோட்டில் மூன்று வரி. யார் யாரிடம் பேசுகிறார்? என்ன சொல்கிறார்? இதற்கு எதிராக வேதத்திலேயே, அல்லது கண்ணால் கண்ட வாழ்க்கையில், என்ன இருக்கிறது? பலரும் மூன்றாவது வரியைக் காலியாக விட்டுவிடுவார்கள், வேதத்துக்கு எதிராக எழுதுவதா என்ற பயத்தில். அந்தப் பயம் வேண்டாம். வேதமே அந்த வேலையைச் செய்கிறது.

நீதிமொழிகள் 26:4-ஐப் பாருங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே, கொடு என்கிறது. பதில் சொன்னால் நீயும் அவனைப் போலாவாய்; சொல்லாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான். தொகுத்தவர்கள் தெரியாமல் பக்கத்தில் வைத்துவிடவில்லை. எந்த மூடனிடம், எந்த நேரத்தில் என்று நீங்களே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது வம்புக்கு இழுக்கும்போது இந்த இரண்டு வசனமும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.

நீதிமொழி என்பது பொதுவாக உலகம் எப்படி நடக்கிறது என்று சொல்வது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிப்பத்திரம் இல்லை. இது தெரியாததால் பெற்றோர் படுகிற பாடு கொஞ்சமல்ல. பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான் என்கிறது 22:6. மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டால், இந்த ஒரு வசனத்தை வைத்து "நம் வளர்ப்புதான் சரியில்லை" என்று வருடக்கணக்கில் அழுகிறவர்கள் உண்டு. அந்த வசனம் அந்தத் தீர்ப்பைச் சொல்லவில்லை. சொல்பேச்சு கேளாத மகன்களைப் பற்றி அதே புத்தகம் பல இடங்களில் பேசுகிறது. இந்த மாதத்தில் திருக்குறளின் 43ஆம் அதிகாரமான அறிவுடைமையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்ற 423ஆம் குறள் அடுத்த மாதம் யோபுவுக்குள் நுழையும்போது துணைக்கு வரும்.

32ஆம் நாள் யோபு தொடங்கும். பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் விடுவது இங்கேதான், யோபுவின் நண்பர்கள் பேசும் அதிகாரங்களில். விடாமலிருக்க ஒரு வழி, பேசுகிறவரின் பெயரை முன்பே பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுவது. எலிப்பாஸ் 4, 5, 15, 22. பில்தாத் 8, 18, 25. சோப்பார் 11, 20. எலிகூ 32 முதல் 37 வரை. கர்த்தர் 38 முதல் 41 வரை. மற்றதில் பெரும்பகுதி யோபுவின் பேச்சு.

இதைச் செய்தவுடன் ஒரு விஷயம் தெரியவரும். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற 8:7 நம் வீடுகளில் எத்தனை சுவர்களில் தொங்குகிறது! டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையிலும் வரும். அதைச் சொல்கிறவர் பில்தாத். அதற்கு மூன்று வசனம் முன்னால், 8:4இல், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்கிற பொருள்பட, பிள்ளைகளைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம் அதே மனிதர் பேசியிருக்கிறார். 42:7இல் கர்த்தர் எலிப்பாசிடம், நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார்.

அப்படியானால் நண்பர்கள் சொன்னதையெல்லாம் அடித்துவிடலாமா? அதுவும் அவசரம். 5:13இல் எலிப்பாஸ் சொன்னதை பவுல் 1 கொரிந்தியர் 3:19இல் எடுத்துக்காட்டுகிறார். நண்பர்களின் வார்த்தைகளில் உண்மை இருக்கிறது. அதை யோபுவின் தலையில் போட்ட விதம்தான் கொடுமை. சரியான வசனத்தைத் தப்பான ஆளிடம், தப்பான நேரத்தில் சொல்வது ஞானமில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் 2:13-ஐ மனதில் வைத்துக்கொள்ளலாம்: ஏழு நாள் இரவும் பகலும் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். நண்பர்கள் செய்த நல்ல காரியம் அதுதான்.

தத்துவ நூல்களை வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மதியம், நாலைந்து பக்கம் மட்டும் எடுங்கள். யோபுவோடு போயத்தியஸ் நன்றாகப் பொருந்தும். தியோடோரிக் அரசனால் சிறையில் தள்ளப்பட்டு, கொல்லப்படுமுன் 524 வாக்கில் "தத்துவத்தின் ஆறுதல்" நூலை எழுதியவர். நல்லவன் ஏன் விழுகிறான், கெட்டவன் ஏன் வாழ்கிறான் என்பதுதான் அவருடைய கேள்வியும். பிரசங்கியின் மூன்றாம் அதிகாரத்தோடு, பழைய சபைத் தந்தை அகஸ்தீனாரின் "அறிக்கைகள்" பதினோராம் புத்தகத்தில் காலம் பற்றிய பகுதி. யாரும் கேட்காதவரை காலம் என்றால் என்னவென்று தெரிகிறது, விளக்கச் சொன்னால் தெரியவில்லை என்று அவர் திணறுகிற இடத்தை மெதுவாக வாசியுங்கள். இந்த இரண்டுக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் சுலபமாக வருகிறவர் வாசித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னால் போதும்.

"லௌகிக ஞானத்தினால் ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடிக்கு" என்று கொலோசெயர் 2:8-ஐக் காட்டி, தத்துவம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கவலை ஆதிச் சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே சபையில் இருக்கிறது. ஆனால் அதை எழுதிய பவுல்தான் ஏதென்சில் எப்பிக்கூரரோடும் ஸ்தோயிக்கரோடும் பேசினார், மார்ஸ் மேடையில் கிரேக்கப் புலவரின் வரியை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17). கொலோசெயர் வசனமும் "கிறிஸ்துவைப் பற்றினதல்ல" என்றுதான் முடிகிறது. எதைப் பற்றிய ஞானம் என்று பார்க்கச் சொல்கிறது, யோசிக்காதே என்று சொல்லவில்லை. விசுவாசமே புரிந்துகொள்ளத் தேடுகிறது என்ற, இடைக்கால இறையியலாளர் ஆன்செல்மின் வழியில் போனால் இரண்டும் சண்டை போடாது.

இனி, முதல் பக்கத்துக் கேள்விக்கு வருவோம். அக்வினாஸ் தோமா (1225–1274) தன் பெரிய இறையியல் தொகுப்பில் ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து படியாக எழுதுவார். கேள்வி, தன் பதிலுக்கு எதிரான வாதங்கள், "ஆனால் இதற்கு மாறாக" என்று ஒரு மேற்கோள், தன் பதிலும் காரணமும், கடைசியில் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மறுமொழி. இது வீட்டுக் கேள்விக்கும் அப்படியே உதவும். ஐம்பதாம் நாள் வாக்கில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி எழுதிப் பாருங்கள்.

அம்மாவை அழைத்து வரலாம் என்பது உங்கள் எண்ணம் என்றால், அதற்கு எதிரானதைத்தான் முதலில் எழுத வேண்டும், அதுவும் பலமாக. 2 சாமுவேல் 19இல் தாவீது தன்னோடு எருசலேமுக்கு வரச் சொல்லி பர்சிலாவை அழைக்கிறார். எனக்கு எண்பது வயது, என் ஊரிலேயே மரித்து தாய் தகப்பன் கல்லறையண்டை அடக்கமாக விடுங்கள் என்று அவர் மறுக்கிறார். தாவீது வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு ஊரில் ஆலயம், பக்கத்து வீட்டுச் சிநேகிதி, அப்பாவின் கல்லறை எல்லாம் நடக்கிற தூரத்தில். இங்கே மூன்றாவது மாடி, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பூட்டிய கதவு, புரியாத கன்னடம். இதற்கு மாறாக யோவான் 19:27: சிலுவையில் இயேசு தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்க, அவன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். மாற்கு 7இல், காணிக்கை என்று சொல்லி தாய் தகப்பனுக்குச் செய்யாமல் விடுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார்.

இரண்டையும் எதிரெதிரே எழுதியதும் பிணக்கு எங்கே என்று தெரியும். கடமை இருக்கிறதா என்பதில் இரு பக்கமும் ஒன்றுதான். அந்தக் கடமை எங்கே வைத்து நிறைவேறும் என்பதே கேள்வி. பதிலும் மாறும்: அம்மாவையே கேட்பது, முதலில் இரண்டு மாதம் வந்து இருக்கச் சொல்வது, ஊர் வீட்டைப் பூட்டாமல் வைப்பது, நம் தமிழ் ஆராதனைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்ப்பது. பிறகு எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுதுங்கள். மறுமொழி வராத வாதம் ஒன்று மிச்சமிருந்தால், முடிவு இன்னும் பழுக்கவில்லை.

இதில் சறுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, எதிர்வாதத்தை நொண்டியாக எழுதுவது. எதிர்க்கருத்து உள்ள தங்கையிடமோ அண்ணனிடமோ அதை வாசித்துக்காட்டி "சரியா எழுதியிருக்கேனா" என்று கேட்டால் இது சரியாகும். இன்னொன்று, "ஃபாதர் சொன்னார்", "பாஸ்டர் சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்வது. மனித அறிவை மட்டும் நம்பிய மேற்கோள் வாதங்களிலேயே பலவீனமானது என்று தோமாவே எழுதியிருக்கிறார்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுக்கும் வழக்கத்தையும் இந்த மூன்று மாதம் விட்டுவிடுங்கள். அகஸ்தீனார் மிலான் தோட்டத்தில் "எடுத்து வாசி" என்ற குரலைக் கேட்டுத் திறந்தாரே என்பார்கள். அது 386. பத்தொன்பது வயதில் ரோமத் தத்துவ எழுத்தாளர் சிசரோவின் நூலை வாசித்து ஞானத்தைத் தேடத் தொடங்கியவர் அப்போது முப்பத்தொரு வயதுக்காரர். அத்தனை வருடத் தேடலுக்குப் பிறகு திறந்த பக்கம் அது.

தனியாக வாசிப்பதைவிட நாலு முதல் ஆறு பேர் சேர்ந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ஃப்ரேசர் டவுன்காரரையும் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரரையும் ஒரே குழுவில் போட்டால் டிராஃபிக்கிலேயே குழு கலைந்துவிடும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களாகப் பாருங்கள். ஞாயிறு ஆராதனையோ திருப்பலியோ முடிந்து ஒன்றேகால் மணி நேரம். ஒருவர் வாரத்தில் எழுதிய மூன்றாவது வரிகளில் ஒன்றை வாசிப்பார். மற்றவர்கள் முதல் ஐந்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கலாம், அறிவுரை கூடாது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்களை ஒதுக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் தமிழில் உரக்க வாசிக்கட்டும், பிள்ளை அதே பகுதியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கண்ணால் தொடரட்டும். நல்ல கேள்விகள் பல அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

86ஆம் நாள் யாக்கோபு தொடங்கும். 3:17 உங்கள் முடிவுக்கு உரைகல். பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அம்மாவை அழைத்து வருவது இரக்கத்தாலா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதாலா? இரண்டாவது காரணமும் இருந்தால் அதை ஒளிக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடுவதுதான் மாயமற்றது.

விவேகத்துக்கு மூன்று செயல் உண்டு என்பார் தோமா: ஆலோசிப்பது, தீர்மானிப்பது, செய்யும்படி கட்டளையிடுவது. மூன்றாவதுதான் முக்கியமானது என்றும் சொல்வார். ஆகவே தொண்ணூறாம் நாள் நோட்டில் ஒரு தேதியும் செய்ய வேண்டிய முதல் காரியமும் எழுதுங்கள். அன்று மனம் சோர்ந்து இருண்டிருந்தால் மட்டும், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள். இது இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த விதி. தெளிவு திரும்பிய பிறகு மறுபடி பாருங்கள்.

தொடர விரும்பும் கத்தோலிக்கர்களுக்கு சாலமோனின் ஞானம் 19, சீராக்கின் ஞானம் 51 என்று இன்னும் எழுபது அதிகாரம் இருக்கிறது. மற்றவர்களும் வாசிக்கலாம், சீராக்கில் நட்பு பற்றிய ஆறாம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் பெங்களூருவில் வசதி அதிகம். 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி பென்சன் டவுனில், புனித பேதுரு குருமடம் மல்லேஸ்வரத்தில், தர்மாராம் கல்லூரி ஓசூர் ரோட்டில். நூலகத்தில் வெளியாட்களுக்கு என்ன விதி என்று முதலில் போன் செய்து கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையும், உங்கள் ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ வாங்கிய ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும்.