சந்தை அளவைக் கீழிருந்து கணக்கிடுங்கள்

"மொத்தச் சந்தையில் 1 சதவீதம் பிடித்தால் போதும்" என்ற வரி உங்கள் தொழில் திட்டத்தில் இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். அந்த 1 சதவீதம் எப்படி வரும் என்பதற்கு அதில் பதிலே இல்லை.

பல் மருத்துவர்களுக்கான மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். 20,000 கிளினிக்குகள், ஆண்டுச் சந்தா 500 டாலர் என்றால் மொத்தச் சந்தை 1 கோடி டாலர். சரி, இதில் உங்கள் கைக்கு எட்டுவது எவ்வளவு? ஒரு விற்பனையாளர் வாரத்துக்கு 4 பேரைப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 200. ஐந்தில் ஒருவர் வாங்கினால் 40 பேர், அதாவது 20,000 டாலர். முதல் ஆண்டுக்கு நான் நம்புவது இந்தச் சின்ன எண்ணைத்தான். சந்தாத் தொகையை மட்டும் ஊகிக்காதீர்கள், பத்துப் பேரிடமாவது நேரில் கேளுங்கள்.

அப்புறம், இன்றைய சந்தையையே எல்லையாக எடுத்துக்கொள்வதும் தவறு. 2014-இல் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் உலக டாக்ஸிச் சந்தையை 10,000 கோடி டாலராக வைத்து, செயலி வழியே டாக்ஸி சேவை தரும் உபர் நிறுவனத்தை மதிப்பிட்டார். அந்த நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த பில் கர்லி, அந்த அளவு 25 மடங்குகூடத் தவறாக இருக்கலாம் என்று வாதிட்டார். சேவை எளிதானால் டாக்ஸியே எடுக்காதவர்களும் வருவார்கள் என்பது அவர் வாதம்.