காட்பாடிப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு: பள்ளி, ரயில், தண்ணீர்

வேலூரில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் ஏரியாவின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காந்தி நகர் என்றால் கௌரவம், சத்துவாச்சாரி என்றால் வசதி, பாகாயம் என்றால் அமைதி என்று ஒரு கணக்கு நம் ஊரில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கோடுகளைப் போடுங்கள்: ஒன்று பாலாறு, ஒன்று காட்பாடி வழியாகப் போகும் இருப்புப்பாதை, ஒன்று சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. அந்தத் தாளில் நீங்கள் பார்த்திருக்கும் வீடு, பிள்ளையின் பள்ளி, நீங்கள் தினமும் போய்ச் சேர வேண்டிய இடம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். காலை நேரத்தில் குடும்பத்தில் யாராவது ஒருவர் இந்தக் கோடுகளை ஒருமுறைக்கு மேல் தாண்ட வேண்டியிருந்தால், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தள்ளி வைக்கவே நான் சொல்வேன்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். நாங்கள் சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருந்தபோது மகளின் பள்ளி காந்தி நகரில் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் சர்வீஸ் ரோடு, கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போக வேண்டும். ஸ்கூட்டரின் பின் இருக்கையில் உட்கார்ந்தபடியே, பாலத்தின் நடுவில் வண்டி நகராமல் நின்ற நேரத்தில், மகள் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைச் சாப்பிட்டு முடித்த நாட்கள் பல. காந்தி நகருக்கு வீடு மாறிய முதல் வாரத்தில் அவள் காலையில் கூடுதலாகத் தூங்கிய முக்கால் மணி நேரத்துக்கு அரசின் எந்த வழிகாட்டி மதிப்பாலும் விலை போட முடியாது.

பள்ளியைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே களைய வேண்டும். நல்ல பள்ளி இருக்கும் தெருவில் வீடு வாங்கினால் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் மாநிலத்துத் தனியார் பள்ளிகளில் முகவரியை வைத்து இடம் தரும் வழக்கம் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மட்டுமே வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு கணக்கில் வருகிறது. அந்த ஒதுக்கீடும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கிறித்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் நிறைந்த வேலூரில் இது சிறிய செய்தியல்ல. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பள்ளியில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், ஓராண்டு அந்தப் பக்கத்திலேயே வாடகைக்கு இருங்கள், அதன் பிறகு சொந்த வீட்டைத் தேடுங்கள். வாடகை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறான கரையில் வாங்கிய வீடு அதைவிடப் பெரிய செலவு.

பாலாற்றின் வடகரையான காட்பாடிப் பக்கத்தில் காந்தி நகரின் டான் பாஸ்கோ, விருதம்பட்டின் ஐடா ஸ்கடர் பள்ளி, பிரம்மபுரத்தின் சிருஷ்டி வித்யாஷ்ரம் போன்றவை இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி வரை அருகிலேயே முடியட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்குக் காந்தி நகரிலேயே ஆக்சீலியம் கல்லூரியும் இருக்கிறது. ஆற்றுக்குத் தென்கரையில் ஊரிஸ் போன்ற பழைய பள்ளிகள் உள்ளன. எது சிறந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது. ஆனால் மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்பதை எல்.கே.ஜி.யிலேயே முடிவு செய்துவிட்டு, அந்தப் பள்ளியில் பிளஸ் டூ வரை விரும்பும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளி மாற வேண்டி வந்தால், நீங்கள் கணக்குப் போட்டு வாங்கிய கரையே மாறிப்போகும்.

பள்ளி வேனை நம்புகிறவர்கள் கிலோமீட்டரைக் கேட்காமல், வேன் செல்லும் வழியைக் கேட்க வேண்டும். பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுப் பிள்ளை வேனில் முதல் ஆளாக ஏறினால் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பள்ளி போய்ச் சேரும்; ஆறு கிலோமீட்டரில் கடைசியாக ஏறும் பிள்ளை பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் ஓட்டுநரிடமே பேசிவிடுங்கள். பள்ளி அலுவலகம் சொல்லாத விவரத்தை அவர் சொல்வார்.

ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு ஜங்ஷன்தான் வாழ்க்கையின் மையம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். 150 கிலோமீட்டர் வரை சீசன் டிக்கெட் கிடைக்கும் என்பதால் நம் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சதாப்தியிலோ, 2022 நவம்பரில் தொடங்கிய மைசூரு வந்தே பாரத்திலோ ஏற முடியாது. சூப்பர் ஃபாஸ்ட் வண்டிகளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே தினசரிப் பயணிக்கு அதிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள்தான் உண்மையான நேர அட்டவணை. அந்த வண்டியைப் பிடிக்க ஆட்டோவை நம்பாமல் ஐந்தரை, ஆறு மணிக்கு வீட்டிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். காந்தி நகர், ஓடைப்பிள்ளையார் கோயில் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும் வேலை இல்லை. சித்தூர் சாலையிலும் குடியாத்தம் சாலையிலும் வீடு வாங்குபவர்களின் நாள் அந்த மேம்பாலத்தை நம்பித்தான் ஓடும். பழுதுபார்க்க அதை மூடிய காலத்தில் அந்தப் பக்கத்தவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2021 டிசம்பரில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னையாற்று ரயில் பாலம் பழுதாகிப் பல வண்டிகள் ரத்தானதை இங்கே வேலை பார்க்கும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் நெடுஞ்சாலைப் பேருந்து ஒன்றுதான் கதி. தினமும் சென்னைக்குப் போகிறவர்கள், புதிய பேருந்து நிலையத்தை எவ்வளவு நேரத்தில் எட்ட முடியும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, பெல் ஆலையிலோ, 2022இல் அங்கே தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் புதிய வளாகத்திலோ வேலை என்றால் கதையே வேறு; அவர்களுக்கு நெடுஞ்சாலையை ஒட்டிய சத்துவாச்சாரிதான் பொருத்தம், பள்ளியையும் தென்கரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. இரண்டும் வீடு வாங்குபவரை நேரடியாகத் தொடும் விஷயங்கள். கீழே கெட்டிப் பாறையாக இருக்கும் ஊர் என்பதால், ஒரு தெருவில் தண்ணீர் உள்ள போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்க, அடுத்த தெருவில் வெறும் புழுதி வருவது இங்கே சாதாரணம். தோல் தொழிற்சாலைக் கழிவு பல ஆண்டுகளாகக் கலந்த ஆறு பாலாறு என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்காரர் ‘தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை’ என்றால், போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, மே மாதத்தில் எத்தனை நிமிடம் ஓடினால் காற்று வாங்குகிறது என்று கேளுங்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப் என்னும் தரையடித் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை அவரிடம் கேட்காமல், எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பவர் யாரோ, அவர் வாயில்தான் உண்மை இருக்கும்.

பிறகு குளியலறைக்குப் போங்கள். ஷவரின் துளைகளில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, குழாயின் அடியில் டைல்ஸ் மேல் சுண்ணாம்பு வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து வந்து, அதில் ஒரு பிடி துவரம் பருப்பை வேக வையுங்கள். நல்ல தண்ணீரில் குழைந்துவிடும் பருப்பு, உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரமானாலும் விதை விதையாகவே நிற்கும். நாங்கள் மிகவும் ஆசைப்பட்ட ஒரு வீட்டை என் மாமியார் இந்த ஒரே சோதனையில் நிராகரித்தார். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆய்வகச் சோதனையும் செய்துகொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் பருப்பை வேக வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெயிலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மாடி வீடாக இருந்தால் ஏப்ரல், மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் போய் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மலையை ஒட்டிய தெருக்களில் பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டே இருக்கும்.

மழையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் வீடு பார்ப்பது பெரும்பாலும் கோடையில். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோதுதான் எந்தெந்தத் தெரு தாழ்வு என்பது ஊருக்கே தெரிந்தது. ஆற்றோரம் மட்டுமல்ல, கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி ஆகியவை நிரம்பினால் உபரி நீர் எந்த வழியாகப் போகும் என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டு, அந்தக் கால்வாய் இப்போது இருக்கிறதா, மனையாகிவிட்டதா என்று நடந்து பாருங்கள். காம்பவுண்ட் சுவரின் வெளிப்புறத்தில் முழங்கால் உயரத்தில் நேர்க்கோடாக ஒரு மங்கிய கறை தெரிந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால், பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். இருவரும் ஒரே வாரத்தில் வெள்ளையடித்திருக்க மாட்டார்கள். சாலையை மேலே மேலே போட்டதால் வாசற்படி தாழ்ந்துபோன வீடுகள் காந்தி நகரிலும் உண்டு, சத்துவாச்சாரியிலும் உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு வீடு வரை வந்துவிட்டதா, இன்னும் செப்டிக் டேங்க்தானா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களைப் பற்றி ஒரு வார்த்தை. வி.ஐ.டி. மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்று அந்தப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் உண்டு, அது தவறும் இல்லை. ஆனால் பிள்ளைகளோடு குடியிருக்க வாங்கினால், இருபுறமும் எத்தனை வீடுகள் ஹாஸ்டலாக மாறியிருக்கின்றன என்று இரவு பத்து மணிக்கு எண்ணிப் பாருங்கள்.

ஆவணங்களில் எங்கும் உள்ள எச்சரிக்கையோடு, நம் பகுதிக்கே உரிய ஒன்றும் உண்டு. வேலூர் 2008இல் மாநகராட்சியானது. 2011இல் அதன் எல்லை விரிந்தபோதுதான் சத்துவாச்சாரியும் காட்பாடிப் பகுதிகளும் உள்ளே வந்தன. அதற்கு முன் போட்ட மனைப்பிரிவுகளில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பேச்சு சகஜம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானதாக இருந்தால், 2017இல் வந்த வரன்முறை விதிகளின் கீழ் வரன்முறை செய்யப்பட்ட ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். எங்களிடம் ஒரு தரகர் ‘ஆணை அடுத்த வாரம் வந்துவிடும், அட்வான்ஸை மட்டும் போடுங்கள்’ என்றார். அந்த அடுத்த வாரம் இரண்டு ஆண்டுகளாகியும் வரவில்லை என்று பின்னர் அந்த மனையை வாங்கியவர் சொல்லி அறிந்தேன். வீட்டு வசதி வாரிய வீடாக இருந்தால், ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. வாரியம் விற்பவரின் பெயருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புதிய அடுக்குமாடி என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டு வீடுகளுக்கு மேலோ இருந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், ஆனால் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பாருங்கள். பட்டாவில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துவிட்டு, மூலப்பத்திரங்களை வழக்கறிஞர் படித்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். பட்ஜெட் போடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்; 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும், ஆனால் காந்தி நகர் வீட்டுக்கு அந்தச் சலுகை எட்டாது. பத்திரம் பதிவானவுடன் பட்டா, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகிய நான்கையும் அதே மாதத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். விற்றவர் அடையாறிலோ அமெரிக்காவிலோ பிள்ளையுடன் போய்க் குடியேறிவிட்டால், பிறகு ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.