முதல் முறை ஹார்ட்கோர், மெட்டல் ஷோவுக்குப் போகிறவர்களுக்கு: சிங்கப்பூரில் தொடங்குவது எப்படி?

போன மாதம் என் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 17, பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. தைப்பூசம் வந்துவிட்டால் உறுமி மேளக் குழுவில் தவில் அடிக்கப் போய்விடுவான். என் அறையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டவன், "அக்கா, இந்த ஆளு இவ்வளவு வேகமா கையாலயா அடிக்கிறான்?" என்று கேட்டான். கையும் காலும் என்றேன். ஒரே பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி அடிக்க டபுள் பெடல் என்று ஒன்று இருக்கிறது என்று காட்டினேன். உடனே நேரில் பார்க்கணும் என்றான். கூடவே ஒரு தயக்கம்: "அங்க வந்து நான் என்ன செய்யணும்? யாரையும் தெரியாதே."

2005லிருந்து இந்த ஹார்ட்கோர், மெட்டல் ஷோக்களுக்குப் போய்வருகிறேன். அவனுக்குச் சொன்னதையே வரிசையாக எழுதுகிறேன். முதல் முறை போகும் யாருக்கும் இது போதும்.

படி 1: உள்ளூர்க் குழுக்களைக் கேளுங்கள்

வெளிநாட்டுப் பெரிய குழுக்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் ஊரில் இருப்பதே நிறைய. தமிழர்களுக்கு நான் முதலில் சொல்வது ருத்ரா. சிங்கப்பூர் இந்தியர்கள் 1992ல் தொடங்கிய குழு இது. டெத் மெட்டல் என்ற கனத்த, உறுமும் மெட்டல் வகையின் கிதாருக்கு நடுவே சமஸ்கிருத சுலோகம் வரும். 'வேதிக் மெட்டல்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கோயில் மந்திரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது எங்கே போய் உட்காரும் என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து வார்ம்ராட். 2007ல் தொடங்கிய கிரைண்ட்கோர் குழு, அதாவது ஹார்ட்கோரும் மெட்டலும் கலந்து மிக வேகமாகப் பாயும் இசை. ஒரு பாடகர், ஒரு கிதார், ஒரு டிரம்ஸ். பேஸ் கிதாரே கிடையாது. பல பாட்டுகள் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாது. இங்கிலாந்தின் இயரேக் இசை நிறுவனம் இவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. 2017ல் கிளாஸ்டன்பரி விழாவிலும் வாசித்தார்கள். இன்னும் பழைய சத்தம் வேண்டுமென்றால் 1990ல் தொடங்கிய இம்பயட்டி இருக்கிறது. அதற்கும் முந்தைய பங்க் (எளிய, முரட்டு ராக் இசை) குழு ஆப்போசிஷன் பார்ட்டி.

ஹார்ட்கோருக்கும் மெட்டலுக்கும் என்ன வேறுபாடு என்று அவன் கேட்டான். ஹார்ட்கோர், 1980 வாக்கில் அமெரிக்க பங்க் இசையிலிருந்து வேகமெடுத்துக் கிளம்பியது. பாட்டு சின்னது, வரிகளைக் கூட்டமே சேர்ந்து கத்தும், பாடகர் மைக்கை உங்கள் வாயருகே நீட்டுவார். மெட்டலில் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் மரியாதை கூட, கூட்டம் தலையை ஆட்டிக் கேட்கும். இங்கே ஒரே ராத்திரியில், ஒரே மேடையில் இரண்டும் நடப்பது சகஜம். ஊர் சின்னது, ஆட்களும் அதே ஆட்கள்.

படி 2: எங்கே, எப்போது?

இடத்தைத் தேடாதீர்கள், ஆட்களைப் பின்தொடருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இடங்கள் நிலைப்பதில்லை. ஆர்மீனியன் தெருவில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990ல் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையத்தின் தோட்டத்தில்தான் ஒரு தலைமுறையே பங்க்கும் மெட்டலும் கேட்டது. 2021ல் அந்தக் கட்டடத்தை விட்டு சப்ஸ்டேஷன் வெளியேறியது. அந்த வாசலைக் கடக்கும்போது இன்றும் என் நடை கொஞ்சம் தளரும். ஆனால் அங்கே வாசித்தவர்களும் கேட்டவர்களும் வேறு இடங்களில் இருக்கிறார்கள். ஒரு வாரம் அலிவால் தெருவின் கலை நிலைய மண்டபம், இன்னொரு வாரம் ஏதோ ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஜாமிங் ஸ்டூடியோ.

எனவே பிடித்த இரண்டு மூன்று குழுக்களை இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள். அவர்கள் போடும் ஃப்ளையரில் மற்ற குழுக்களின் பெயர்களும் ஏற்பாட்டாளரின் பெயரும் இருக்கும். அவர்களையும் பின்தொடருங்கள். ஒரு மாதத்தில் வாராவாரம் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நோன்பு மாதத்தில் ஷோக்கள் குறையும். இந்தக் கூட்டத்தின் முதுகெலும்பே மலாய் இளையர்கள்தான். பெருநாள் முடிந்ததும் மறுபடி சூடுபிடிக்கும்.

கட்டணமில்லாமல் முதலில் எட்டிப் பார்க்க வேண்டுமா? எஸ்பிளனேட் கலை அரங்கம் 2002லிருந்து நடத்தும் பேபீட்ஸ் இசை விழாவுக்குப் போங்கள். கடலோரத்தில் திறந்தவெளி மேடை. கனமான குழுக்களுக்கும் அங்கே இடம் உண்டு. தள்ளி நின்று பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் நடந்து போய்விடலாம். அம்மா அப்பாவை அழைத்துப் போகவும் அதுவே நல்ல இடம்.

படி 3: டிக்கெட், வயது, அடையாள அட்டை

உள்ளூர்க் குழுக்கள் மட்டும் வாசிக்கும் ஷோவுக்கு 15 முதல் 30 வெள்ளி இருந்தால் பெரும்பாலும் போதும். வாசலில் போன்வழிப் பணம் அனுப்பும் பேநவ் நடக்கும், இருந்தாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

வயது விஷயத்தைக் கவனியுங்கள். மேடை நிகழ்ச்சிகளுக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வயதுத் தரம் கொடுக்கிறது. ஆர்18 என்று போட்டிருந்தால் 17 வயதுப் பையனுக்கு அனுமதி கிடையாது, கெஞ்சியும் பயனில்லை. அடையாள அட்டையை மறக்காதீர்கள். மதத்தைச் சீண்டும் வரிகளுக்குப் பெயர்போன பிளாக் மெட்டல் வகையின் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2019 மார்ச் 7ல் ஸ்வீடனின் வாட்டெய்ன் குழு மேடையேற வேண்டிய அன்றே அனுமதி ரத்தானது. ரசிகர்கள் ஷோவுக்குக் கிளம்பும் நேரத்தில் செய்தி வந்தது. அதனால் டிக்கெட் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சித்தியின் கேள்வி வேறு: "அங்க எல்லாரும் குடிப்பாங்களாடி?" குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தொடவே தொடாதவர்களும் நிறைய. ஹார்ட்கோரில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று ஒரு மரபே இருக்கிறது. புறங்கையில் மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வருபவர்கள் மது, புகை, போதை எதையும் தொடுவதில்லை. மது வாங்கும் வயதை எட்டாத பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காமலிருக்க அமெரிக்க விடுதிகளில் போட்ட அடையாளத்தை இளைஞர்கள் பெருமையாகத் தங்களுடையதாக்கிக்கொண்டதுதான் அது. எனக்குத் தெரிந்து அந்தக் குறியோடு இருபது வருடமாக வரும் ஒருவர் இப்போது மகளையும் அழைத்து வருகிறார். சித்தியிடம் இதைச் சொன்னேன். பதில் பேசவில்லை, ஆனால் பையனுக்கு அனுமதி கிடைத்தது.

படி 4: காது, கால், வயிறு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என் முதல் ஷோவில் ஸ்பீக்கருக்கு நேர்முன்னே வெறுங்காதோடு நின்றேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் காதுக்குள் ஒரு மெல்லிய விசில். பாட்டி கூப்பிட்டது கேட்கவில்லை. பயந்துவிட்டேன். கணக்கு இதுதான்: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் 100ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற இயர்ப்ளக் போதும், ஆனால் போடும் விதம் முக்கியம். ப்ளக்கை விரல்களுக்கிடையே உருட்டி ஊதுபத்திக் குச்சி போல ஒல்லியாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத்துளை நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே அது மெதுவாக விரிவது தெரியும். சரியாகப் போட்டால் உங்கள் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாட்டு மங்காது. சொல்லப்போனால் கிதாரும் குரலும் பிரிந்து இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கறுப்பு டீ-சட்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூடிய காலணி கட்டாயம். செருப்போடு போனால் விரல் நசுங்கும். கழுத்துச் சங்கிலி, தொங்கட்டான், வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் பட்டை வாங்குங்கள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், திரும்பும் ரயிலின் குளிரில் நனைந்த சட்டையோடு உட்காருவது கொடுமை. இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

படி 5: முதல் குழுவுக்கே போய்விடுங்கள்

கடைசிக் குழுவுக்கு மட்டும் வருபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு குழுக்கள், ஆளுக்கு அரை மணி நேரம். முதலில் ஏறும் குழுவுக்கு அது வாழ்க்கையின் இரண்டாவது ஷோவாக இருக்கலாம். மணிக்கணக்கில் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுத்து, பாதிப்பேர் தேசிய சேவை முகாமிலிருந்து விடுப்பில் வந்து பயிற்சி செய்திருப்பார்கள். அறையில் பத்துப் பேர் நிற்பதற்கும் பதினோரு பேர் நிற்பதற்கும் மேடையிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். சுவரோடு ஒட்டாமல் முன்னால் வந்து நில்லுங்கள்.

குழுக்கள் மாறும் இடைவெளியில் டிரம்ஸைப் பாருங்கள். டிரம்ஸ் அப்படியே இருக்கும். வருபவர் தன் ஸ்னேர் டிரம்மையும் சிம்பல்களையும் பெடலையும் மட்டும் மாட்டிக்கொள்வார். கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எல்லாருக்கும் பொது. சில ஷோக்களில் மக்ரிப் தொழுகை நேரத்துக்கு இடைவேளை விடுவார்கள். அப்போது வெளியே போய் யாரிடமாவது பேசுங்கள். "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்பதே போதுமான தொடக்கம்.

படி 6: பிட்டுக்குள்ளே

பிட் என்பது மேடைக்கு முன்னால் கூட்டம் ஆடும் இடம். 1990களில் ஒரு காலம் சிங்கப்பூரில் ஒருவரையொருவர் இடித்து ஆடும் ஸ்லாம் டான்ஸிங்குக்குத் தடையே இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சண்டையாகத் தெரிந்தது. உள்ளே இருப்பவருக்கு அதில் ஒழுங்கு தெரியும்.

முதல் ஷோவில் ஓரமாக நின்று கவனியுங்கள். மெட்டல் கூட்டத்தில் தோளால் தள்ளுவார்கள். சர்க்கிள் பிட் என்றால் வட்டமாக ஓடுவார்கள், பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஹார்ட்கோரில் கையும் காலும் வீசி ஆடுவார்கள். அதற்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு: வேகமாகப் போன பாட்டு சட்டென்று தளர்ந்து, கிதார் கனமாக ஒரே தாளத்தில் இறங்கும். பிரேக்டவுன் என்பார்கள். தவில்காரனுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை, நடை மாறும்போது உடம்புக்கே தெரிந்துவிடும். அந்த நொடியில் நடுவில் இடம் திறக்கும். ஆட விருப்பமில்லையென்றால் இரண்டடி பின்வாங்குங்கள். பிட்டின் விளிம்பில் நிற்கும்போது முதுகைக் காட்டாதீர்கள். கால்களை அகட்டி, முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தி வையுங்கள். கையில் போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

யாராவது விழுந்தால் உடனே தூக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை. 2009ல் ஒரு ஷோவில் நான் விழுந்தேன். தரையில் வியர்வை, கண்ணாடி எங்கோ போய்விட்டது. நான் எழ முயல்வதற்குள் இரண்டு அக்குளிலும் கைகள். தூக்கி நிறுத்தியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அபாங், மலாய் அண்ணன். தோளைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்தி, சரியா என்று கேட்டார். எங்களைச் சுற்றி நாலைந்து பேர் கைகோத்து வளையம் போட்டார்கள், நடுவில் ஒருவர் போன் விளக்கோடு குனிந்து தேடினார். கடைசியில் ஒரு கை மேலே போனது, அதில் என் கண்ணாடி. ஒரு தண்டு வளைந்திருந்தது, அவ்வளவுதான். பிட்டில் கண்டெடுத்த எதையும் அப்படித்தான் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பார்கள். உங்கள் கையில் கிடைத்தாலும் அதையே செய்யுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிட் எல்லாருக்குமானது, தோளில் இடிப்பது அதன் பகுதி. தடவுவது அதன் பகுதி இல்லை. அப்படி நடந்தால் தவறுதலாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நேரே வாசல் மேசைக்குப் போய் ஏற்பாட்டாளரிடம் ஆளைக் காட்டுங்கள். நான் ஒரு முறை காட்டியிருக்கிறேன். அந்த ஆள் அடுத்த பாட்டு முடிவதற்குள் வெளியே அனுப்பப்பட்டான்.

படி 7: மேசையும் கடைசி ரயிலும்

கையில் பணம் மிச்சமிருந்தால் குழுவின் மேசையில் ஒரு டீ-சட்டையோ கேசட்டோ வாங்குங்கள். ஜொகூரிலிருந்தோ பாண்டூங்கிலிருந்தோ வந்த குழுவுக்கு அந்தப் பணம்தான் திரும்பிப் போகும் செலவும் சாப்பாடும். வாங்க முடியாவிட்டாலும் நேரே போய் "பாட்டு பிடிச்சிருந்தது" என்று சொல்லுங்கள். இரைச்சலாகப் பாடியவர்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்று பார்ப்பீர்கள்.

இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்துவது 2015லிருந்து சட்டப்படி குற்றம். வெளியே கூடி நிற்கும்போது டின்னோடு நிற்காதீர்கள். தேக்காவிலும் கேலாங்கிலும் விதி இன்னும் இறுக்கம். அருகே வீடுகள் இருக்கும் இடமாக இருந்தால் சத்தத்தைக் குறையுங்கள். அக்கம்பக்கத்தார் ஒரு முறை புகார் கொடுத்தால் அந்த இடமே அடுத்த மாதம் நமக்குக் கிடைக்காமல் போகலாம்.

அலிவால் தெருவில் ஷோ என்றால் சுல்தான் பள்ளிவாசல் பக்கம் நடந்துபோய் முர்தபாக் (இறைச்சி அடைத்த பரோட்டா) சாப்பிடுவது எங்கள் வழக்கம். எதிரே ஸம்ஸம் உணவகம் 1908லிருந்து இருக்கிறது. ஆனால் மணியைப் பாருங்கள். நகரத்திலிருந்து கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிவிடும், பாதை மாற வேண்டியவர்கள் 11.15க்கே நிலையத்தில் இருப்பது நல்லது. சித்தி மகன் ஈசூனில் இருக்கிறான். கடைசிக் குழுவின் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவனைக் கிளப்பிவிடுவதாக அவன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டை மட்டும் போனில் பதிவு செய்து அனுப்புவதாக அவனிடமும்.