வகுப்பில் டிவி நிகழ்ச்சி: உரிமம் இருந்தும் சறுக்குகிற இடங்கள்

செப்டம்பர் பிறந்தால் பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய விரிவுரையாளர்கள் வந்து சேர்வார்கள். நூலகத்தில் பதிப்புரிமைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பாதியை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். திருட்டுப் பிரதியைப் பதிவிறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

"பாடத்துக்குத்தானே" என்ற நினைப்பு

இந்தியாவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு வருகிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். பாடத்துக்காக நகலெடுப்பதற்கு ஆதரவாகத் தில்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பு அவர்கள் நினைவில் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவும் கற்பித்தலுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்ய இடம் தருகிறது.

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு வழியில் போகிறது. கல்வி நிறுவனங்கள் ஒளிபரப்பைப் பதிவு செய்யலாம் என்று அதன் 35-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் கிடைக்கும் என்றால், சலுகை அங்கேயே நின்றுவிடும். உரிமம் கிடைக்கத்தான் செய்கிறது. எஜுகேஷனல் ரெக்கார்டிங் ஏஜென்சி, சுருக்கமாக ஈ.ஆர்.ஏ., அதை வழங்குகிறது. பிபிசி, ஐடிவி, சானல் 4 போன்ற ஒளிபரப்பாளர்களும், நடிகர்கள், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்களின் அமைப்புகளும் அதன் உறுப்பினர்கள். ஆகவே உங்கள் நிறுவனத்திடம் அந்த உரிமம் இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன என்று முதலில் கேளுங்கள்.

ஐந்து சதவீதக் கணக்கு

ஒரு படைப்பில் ஆண்டுக்கு 5 சதவீதம் நகலெடுக்கலாம் என்பது அதே பிரிட்டன் சட்டத்தின் 36-ஆவது பிரிவு. அதில் ஒளிபரப்பு சேராது.

விரிவுரைப் பதிவுக்குள் துணுக்கைப் பதித்துவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதழியல் கற்பிக்கும் ஒரு நண்பர் நன்றாகத் தயாரித்துப் பாடம் நடத்துகிறவர். பத்து வாரப் பாடத்தில் பதினான்கு செய்தித் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார். வகுப்பறைக் கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் துணுக்குகளும் விரிவுரையோடு சேர்ந்து பதிவாகின. பதிவுகள் கடவுச்சொல் உள்ள கற்றல் தளத்துக்குப் போயின. அதுவரை ஒரு பிழையும் இல்லை. 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்பான வலையமைப்பு வழியாக வளாகத்துக்கு வெளியிலிருந்தும் மாணவர்கள் பார்க்கச் சட்டமே இடம் தருகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் துறை இதே பாடத்தை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தொலைநிலைப் படிப்பாகத் திறந்தது. பழைய பதிவுகளை அப்படியே எடுத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பினார்: "வாசிப்புப் பட்டியலில் உள்ள நிகழ்ச்சியின் இணைப்பு இங்கே திறக்கவில்லை. ஆனால் அதே நிகழ்ச்சி சாரின் விரிவுரைக்குள் ஓடுகிறதே, அது போதுமா?"

படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஈ.ஆர்.ஏ. உரிமம் பிரிட்டனுக்குள் இருந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். இணைப்பு திறக்காதது சரி. விரிவுரைக்குள் ஓடியதுதான் மீறல். மாணவர் எந்த நாட்டவர் என்பதை உரிமம் பார்ப்பதில்லை, எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதையே பார்க்கிறது. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போன லண்டன் மாணவருக்கும் இதே விதிதான். கடவுச்சொல்லுக்கு நாட்டு எல்லை தெரியாது.

பத்துப் பதிவுகளையும் அன்றே தளத்திலிருந்து இறக்கினோம். ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் பார்த்து, துணுக்கு தொடங்கும் நிமிடத்தையும் முடியும் நிமிடத்தையும் குறித்தோம். துணுக்கு ஓடும்போதே அவர் மேலே பேசியிருந்தார். வெட்டினால் விளக்கமும் போய்விடும். நான்கு விரிவுரைகளை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு வாரங்கள் போயின. கட்டணம் கட்டிய மாணவர்கள் அதுவரை காத்திருந்தார்கள். அவர்கள் என்ன தவறு செய்தார்கள்? அந்த நண்பருக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் நானும் இதைச் சொல்லியிருக்கவில்லை. இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

துணுக்கு ஓடும்போது பதிவை நிறுத்துங்கள், முடிந்ததும் தொடருங்கள். துணுக்கைத் தனி இணைப்பாகக் கற்றல் தளத்தில் வையுங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விளக்கத்தைத் துணுக்குக்கு முன்போ பின்போ பேசுங்கள். நாளைக்குப் பாடம் வெளிநாடு போனால் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே சட்டப்படி பார்க்கக்கூடிய வேறொன்றை வைக்கலாம். அந்த நிகழ்ச்சிதான் வேண்டுமென்றால் உரிமையாளரிடமே தனி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முன்கூட்டியே தொடங்குங்கள்.

நெட்பிளிக்ஸ்

ஈ.ஆர்.ஏ. உரிமத்தில் இல்லை.

மாலை நேரத் திரையிடல்

வகுப்பு வேறு, திரைப்படக் கழகம் வேறு. 34-ஆவது பிரிவு ஆசிரியர், மாணவர், கல்விப் பணியோடு நேரடித் தொடர்புள்ளவர் ஆகியோருக்கு மட்டும்தான் திரையிட இடம் தருகிறது. மாணவரின் பெற்றோர் என்பதாலேயே ஒருவர் அந்தக் கணக்கில் வந்துவிடமாட்டார். பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வாங்குங்கள்.

பெயரில்லாத கோப்பு

நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பிய நிறுவனம், ஒளிபரப்பான நாள், கல்விக்கு மட்டுமே என்ற குறிப்பு: இவை பதிவோடு இருக்க வேண்டும். பணி மாறிப்போன ஒருவரின் கோப்புறையில் 'கடைசி_புதியது_2' என்று ஒரு கோப்பு கிடந்தது. வெள்ளத்தில் முழங்கால் வரை நின்று ஒரு செய்தியாளர் பேசும் மூன்று நிமிடத் துணுக்கு அது. பாடத்துக்கு அவ்வளவு பொருத்தமானது. திரையின் மூலையில் இருந்திருக்க வேண்டிய சானல் சின்னத்தையும் வெட்டியிருந்தார்கள். இரண்டு பிற்பகல்கள் தேடினேன். எந்த நிகழ்ச்சி, எந்த நாள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோப்பை அழித்துவிட்டோம்.