ரெட்டிக்கிள் மில், டரட் எம்ஓஏ: எத்தனை க்ளிக் திருப்புவது?

துப்பாக்கி ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கிற தொலைநோக்கியில், கண்ணாடிக்குள் தெரிகிற கோடுகள் (ரெட்டிக்கிள்) மில்லில் இருக்கும், குறியைத் திருத்த மேலே க்ளிக் க்ளிக்காகத் திருகுகிற குமிழ் (டரட்) எம்ஓஏவில் இருக்கும்; இரண்டும் கோண அளவுகள். பழைய ஸ்கோப்புகளில் இந்தக் கூத்து சகஜம். குண்டு 1.5 மில் கீழே பட்டிருக்கிறது என்று ரெட்டிக்கிளில் பளிச்சென்று தெரியும், ஆனால் டரட்டில் வைத்த கை எவ்வளவு திருப்புவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரே ஒரு எண் போதும்: 3.438. ஒரு மில்லுக்கு இத்தனை எம்ஓஏ. முழு வட்டம் 360 பாகை, பாகைக்கு 60 கலை, ஆக 21,600 கலை. எம்ஓஏ என்பது இந்தக் கலைதான். மில் என்பது மில்லிரேடியன்; அதே வட்டத்தை அதில் அளந்தால் சுமார் 6,283. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள், அந்த எண் வந்துவிடும்.

சரி, அந்த 1.5 மில்லுக்கு வருவோம். 3.438ஆல் பெருக்கினால் 5.16 எம்ஓஏ. டரட்டில் ஒரு க்ளிக் கால் எம்ஓஏ என்றால் நான்கால் பெருக்குங்கள், 20.6 வரும், 21 க்ளிக் மேலே. தலைகீழாக, கையில் இருக்கிற திருத்த அட்டவணை 12.5 எம்ஓஏ என்கிறது, உங்கள் டரட்டோ 0.1 மில் க்ளிக் என்றால் வகுக்க வேண்டும்: 3.64 மில், அதாவது 36 க்ளிக்.

மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால் மூன்று மடங்கோடு பாதியைக் கூட்டுங்கள், அதாவது 3.5. மேலே சொன்ன 1.5க்கு 4.5உம் 0.75உம் சேர்ந்து 5.25, அதே 21 க்ளிக்தான். 8 மில் போன்ற பெரிய திருத்தத்தில் மட்டும் இது இரண்டு க்ளிக் கூடுதலாகக் காட்டும், அங்கே சோம்பல்படாமல் 3.438ஐயே போடுங்கள்.

மில் என்றால் மீட்டர், எம்ஓஏ என்றால் அங்குலம் என்று பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே வெறும் கோணம். விலகலை ரெட்டிக்கிளிலேயே பார்த்துத் திருத்துகிறவருக்குத் தூரமே தேவையில்லை, அதை எதற்கு சென்டிமீட்டராக்கி மறுபடி கோணமாக்கிக்கொண்டு? இலக்குத்தாளை ஸ்கேலால் அளக்கும்போதுதான் தூரம் உள்ளே வரும்: ஒரு மில் 100 மீட்டரில் 10 செ.மீ., 100 கெஜத்தில் 3.6 அங்குலம், ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் 2.91 செ.மீ., 100 கெஜத்தில் 1.047 அங்குலம்.

அந்த 0.047தான் வில்லங்கம். சில டரட்டுகள் எம்ஓஏ என்ற பேரில் 100 கெஜத்துக்குச் சரியாக ஓர் அங்குலம் நகரும். கிட்டத்தில் ஒன்றும் தெரியாது, 1,000 கெஜத்தில் 30 எம்ஓஏ திருப்பினால் மட்டும் 14 அங்குலம் உதைக்கும். உங்களுடையது எது என்று பார்க்க, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அசையாமல் இறுக்கி வையுங்கள். 100 கெஜத்தில், அளந்து வைத்த 100 கெஜத்தில், ஒரு டேப்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, குறுக்குக்கோட்டை ஓர் அங்குலக் கோட்டில் நிறுத்தி 30 எம்ஓஏ திருப்புங்கள். கோடு 31.4 அங்குலம் நகர்ந்தால் அசல் எம்ஓஏ, 30 என்றால் மற்றது. இரண்டும் இல்லாமல் 29 வந்தால் கோளாறு டரட்டிலேயே இருக்கிறது, மாற்றுக் கணக்கு அதைச் சரிசெய்யாது.

முழு வட்டத்தை 6,400 பிரிவாக்குகிற ராணுவத் திசைகாட்டியின் மில் வேறு, அதில் ஒரு மில்லுக்கு 3.375 எம்ஓஏ.

கடைசியாக ஜூம். ரெட்டிக்கிள் இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால், அதாவது ஜூம் செய்யும்போது இலக்கு மட்டும் பெரிதாகிக் கோடுகள் அப்படியே இருந்தால், கோடுகளின் அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் உண்மை, பெரும்பாலும் அதிகபட்சத்தில். அதில் பாதிக்கு இறக்கியிருந்தால், 1.5 மில் என்று தெரிவது உண்மையில் 3 மில். அப்போது 21 இல்லை, 41 க்ளிக்.