கணக்கு தெரிந்தும் புள்ளி போகும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையின் மாடியில் எஸ்.டி.பி.எம். (படிவம் ஆறு தேர்வு) கணித வகுப்பு எடுக்கிறேன். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகள்தான் பாதிப்பேர். எல்லாரும் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதம் எடுத்து நன்றாகவே தேறியவர்கள். ஆனாலும் படிவம் ஆறில் முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் முகம் தொங்கிப்போகும். "எல்லாம் செஞ்சேன் சார், புள்ளி எங்க போச்சுன்னே தெரியல" என்பார்கள். பயிற்சித் தாளைப் புரட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் கடினமான கணக்கில் போயிருக்காது. விடை வந்ததும் அதைக் கேள்வியிடம் ஒருமுறை திருப்பிக் காட்டாமல் அடுத்த கேள்விக்கு ஓடியதில் போயிருக்கும்.

என் அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர். நிறுவையில் கிராணி (தோட்டக் கணக்கர்) எழுதும் எண்ணை அவர் நம்பாமல் இல்லை. இருந்தாலும் மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பழக்கம் கணிதத் தாளிலும் வேண்டும்.

முதல் செமஸ்டரின் இயற்கணிதத்தில் தொடங்குவோம். √(எக்ஸ் + 3) = எக்ஸ் − 3 என்று ஒரு சமன்பாடு. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − 7எக்ஸ் + 6 = 0. விடை 1, 6. இரண்டையும் எழுதிக் கோடு போட்டுவிடுவார்கள். 1 போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கம் −2. ஒத்துவராது. வர்க்கப்படுத்தியதும் +2, −2 இரண்டும் 4 ஆகிவிடுவதால் இந்தப் போலி விடை உள்ளே புகுந்துவிடுகிறது. மடக்கைச் சமன்பாட்டிலும் இதே கதைதான். குறை எண்ணுக்கு மடக்கை எடுக்க முடியாது என்பது பாடத்தில் எல்லாருக்கும் தெரியும், தாளில் மறந்துவிடும்.

சமனின்மையில் வேறு மாதிரி. 1/(எக்ஸ் − 2) > 3 என்று கேட்டால், கீழே இருப்பதை அந்தப் பக்கம் தூக்கிப்போட்டு 1 > 3எக்ஸ் − 6, அதனால் எக்ஸ் < 7/3 என்று முடித்துவிடுகிறார்கள். சரி, 0 என்பது 7/3-ஐவிடச் சிறியதுதானே? போட்டுப் பாருங்கள். −1/2 > 3 என்று வருகிறது. எக்ஸ் − 2 கூட்டல் எண்ணா குறை எண்ணா என்று தெரியாமல் அதனால் பெருக்கியதுதான் பிழை. குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும். சரியான விடை, 2-க்கும் 7/3-க்கும் இடைப்பட்ட சின்ன இடைவெளி மட்டும்தான். 0-ஐப் போட்டுப் பார்க்க ஐந்து வினாடிகூட ஆகாது.

சிக்கலெண்ணின் கோணத்தைக் கால்குலேட்டர் சொன்னபடியே எழுதாதீர்கள். −1 − √3 ஐ என்ற எண்ணுக்குக் ('ஐ' என்பது −1-இன் வர்க்கமூலம்) கால்குலேட்டர் 60 டிகிரி காட்டும், ஏனென்றால் அது விகிதத்தை மட்டும்தான் பார்க்கிறது. படம் வரைந்தால் எண் மூன்றாம் கால்பகுதியில் உட்கார்ந்திருக்கும், கோணம் −120 டிகிரி. படம் வரையச் சோம்பல்படுபவர்களுக்கு இங்கே மருந்தில்லை.

இரண்டாம் செமஸ்டர் நுண்கணிதத்தில் நான் மிகவும் ரசிக்கிற பிழை ஒன்று உண்டு. ஒரு அளவு மாறும் வேகம் அந்த அளவுக்கே சமம், தொடக்கத்தில் அதன் மதிப்பு 3, நேரம் 1 ஆகும்போது எவ்வளவு என்று கேட்கிறார்கள். தொகையீடு செய்யும்போது மாறிலியைப் போட மறந்துவிட்டு, கடைசி வரியில் நினைவு வந்து ஒட்டுவார்கள். கிடைப்பது 'இயின் அடுக்கு நேரம், கூட்டல் 2' ('இ' என்பது ஏறக்குறைய 2.718 என்ற மாறிலி). நேரம் 0 ஆனால் 1 + 2 = 3. தொடக்க மதிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது! சரிபார்த்த திருப்தியுடன் 4.72 என்று எழுதிவிடுவார்கள். உண்மையான விடை 8.15. மாறிலியை அதற்குரிய வரியிலேயே போட்டிருந்தால், அடுக்கில் இருக்கும் கூட்டல் வெளியே பெருக்கலாக மாறி '3 × இயின் அடுக்கு நேரம்' என்று வந்திருக்கும். இந்தப் பிழை தொடக்க மதிப்பைப் போட்டால் பிடிபடாது. விடையை வகையிட்டு அசல் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்: இயின் அடுக்கை வகையிட்டால் கூட்டல் 2 காணாமல் போய்விடும், இரண்டு பக்கமும் பொருந்தாது.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்ற பழைய பாட்டையும் பாடிவிடுகிறேன். கொசைன் எக்ஸ் = எக்ஸ் என்பதை நியூட்டன்-ராஃப்சன் முறையில் தீர்த்தால் 0.739 வர வேண்டும். 1-ஐ ஒட்டி 0.9998 என்று வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் கிடக்கிறது என்று பொருள். நானும் படிவம் ஆறில் ஒரு சோதனை முழுவதையும் டிகிரியிலேயே செய்து கொடுத்தவன்தான்.

மூன்றாம் செமஸ்டர் புள்ளியியல். பிள்ளைகள் "இது ஈசி சார்" என்று சொல்லிக்கொண்டே விழும் குழி இது. இதில் கணக்கைவிட வாசிப்பு அதிகம். கேள்வித்தாளில் மலாயும் ஆங்கிலமும் இருக்கும், பிள்ளைகள் தமிழில் யோசிப்பார்கள். மலாயில் 'செகுராங்-குராங்ஞா 8' என்று இருக்கும். அதில் 'குராங்' என்றால் குறைவு. தமிழில் சொன்னால் 'குறைந்தது 8', அதிலும் குறை. ஆங்கிலத்தில் சொன்னாலும் 'லீஸ்ட்'. மூன்று மொழியிலும் குறைவு என்றே காதில் விழுகிறது, பொருளோ 8-ம் அதற்கு மேலும். அவசரத்தில் கை தானாகவே 'குறைவு' குறியைப் போட்டுவிடுகிறது.

ஒரு செம்பனைக் கன்று பிழைக்கும் நிகழ்தகவு 0.9 என்று வைப்போம், 10 கன்று நடுகிறோம். குறைந்தது 8 பிழைக்கும் நிகழ்தகவு 0.9298. 'லெபே டாரிபாடா 8', அதாவது 8-க்கு மேல் என்றால் 0.7361. 'திடாக் லெபே டாரிபாடா 8', அதாவது 8-க்கு மேற்படாமல் என்றால் 0.2639. ஒரே எண், மூன்று சொற்றொடர், மூன்று விடை. அதனால் என் வகுப்பில் குறியைப் போடுவதற்கு முன் எண்களையே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: 8, 9, 10. எழுதிப் பார்த்துவிட்டால் குறி தப்பாது. ஈருறுப்புப் பரவலை இயல்நிலைப் பரவலாக மாற்றும்போது 7.5 போடுவதா 8.5 போடுவதா என்ற குழப்பமும் இந்தப் பட்டியலிலேயே தீர்ந்துவிடும். 8-இலிருந்து மேல்நோக்கி எண்ணும்போது 8 உள்ளே இருந்தால் வேலியை 7.5-இல் போடுங்கள், வெளியே இருந்தால் 8.5-இல். கீழ்நோக்கி எண்ணினால் இது தலைகீழ். (இந்த 10 கன்றுக் கணக்கையே இயல்நிலைக்கு மாற்றிவிடாதீர்கள். பிழைக்காத கன்றின் எதிர்பார்ப்பு வெறும் 1. அதுவும் 5-ஐத் தாண்டினால்தான் அந்த மாற்றத்துக்கு அனுமதி.)

அடுத்தது, ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பாதிப்பேரை விழவைப்பது. ஒரு குலையின் எடை இயல்நிலைப் பரவலில் இருக்கிறது, சராசரி 20 கிலோ, திட்ட விலக்கம் 3 கிலோ (எண்கள் கணக்குக்காக). 9 குலையை வண்டியில் ஏற்றினால் மொத்த எடை 198 கிலோவைத் தாண்டும் நிகழ்தகவு என்ன?

சராசரி 9 × 20 = 180. இதில் யாரும் தவறுவதில்லை. அதே வேகத்தில் திட்ட விலக்கமும் 9 × 3 = 27 என்று எழுதுவார்கள். 18-ஐ 27-ஆல் வகுத்தால் 0.67, விடை ஏறக்குறைய 0.25. நான்கு வண்டிக்கு ஒரு வண்டி தாண்டும் என்றாகிறது. அப்படியெல்லாம் இல்லை. ஒன்றுக்கொன்று சார்பில்லாத 9 குலையில் ஒன்று கனத்தால் இன்னொன்று இளைத்திருக்கலாம், ஏற்ற இறக்கம் கொஞ்சம் அடிபட்டுப் போகும். கூட்ட வேண்டியது வேரியன்ஸ்தான் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), திட்ட விலக்கம் இல்லை. ஒரு குலைக்கு 9, ஒன்பது குலைக்கு 81, மூலம் எடுத்தால் 9. 18-ஐ 9-ஆல் வகுத்தால் 2, விடை 0.0228. நூறு வண்டிக்கு இரண்டு, மூன்று வண்டி.

அப்படியானால் 27 எப்போதுமே தவறா? இல்லை. ஒரே ஒரு குலையை நிறுத்து, கிலோவுக்கு 9 காசு என்று கூலி போட்டால், அந்தக் கூலியின் திட்ட விலக்கம் 27 காசுதான். அங்கே ஒரே எடையை 9 மடங்காக்குகிறோம், அடிபட்டுப் போக வேறு குலை இல்லை. ஒன்றை 9 மடங்காக்குவதும் 9 வேறு வேறு பொருளைக் கூட்டுவதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கேள்வியில் எத்தனை குலை இருக்கிறது என்று விரலால் எண்ணச் சொல்வேன். பெரிய பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். பரவாயில்லை.

இரண்டு குலைகளின் எடை வித்தியாசம் கேட்டால் வேரியன்ஸையும் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். 9 − 9 = 0. அதாவது எந்த இரண்டு குலையை எடுத்தாலும் வித்தியாசம் மாறவே மாறாது! நிறுவையில் ஒரு நாள் நின்றவர்கூட இதை நம்பமாட்டார். கழித்தாலும் வேரியன்ஸ் கூடத்தான் செய்யும்: 18.

கருதுகோள் சோதனையில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு முடிவு வரியில் கோட்டைவிடுவார்கள். சராசரி 20 என்ற கருதுகோளை நிராகரிக்க முடியாதபோது 'சராசரி 20 என்பது நிரூபிக்கப்பட்டது' என்று எழுதக் கூடாது. 'சராசரி மாறிவிட்டது என்று சொல்ல 5% மட்டத்தில் போதிய சான்று இல்லை' என்று எழுத வேண்டும். நீதிமன்றத்தில் சான்று போதாமல் ஒருவரை விட்டுவிடுவது வேறு, அவர் நிரபராதி என்று நிரூபிப்பது வேறு. தரவைப் பார்த்த பிறகு சோதனை ஒருமுனையா (கூடியதா அல்லது குறைந்ததா என்று ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதா) இருமுனையா என்று தீர்மானிப்பதும் கள்ளத்தனம். கேள்வியின் சொற்களிலிருந்துதான் அது வர வேண்டும்.

கை-வர்க்கச் சோதனையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தடையில்லாமல் மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) எண்ணுவது இன்னொரு கண்ணி. பாய்சான் பரவல் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம், அட்டவணையில் 7 கட்டம். கடைசிக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே இருந்ததால் அதை முந்தைய கட்டத்தோடு சேர்த்துவிட்டோம், இப்போது 6. சராசரியையும் தரவிலிருந்தே கணக்கிட்டோம். மொத்தம் நிலையானது என்பதற்கு ஒன்று, சராசரிக்கு ஒன்று கழிக்க வேண்டும், ஆக 6 − 1 − 1 = 4. சேர்த்ததை மறந்து, சராசரியையும் மறந்து 7 − 1 = 6 என்று போட்டால், 5% எல்லை 9.488-க்குப் பதில் 12.592 ஆகிவிடும். உங்கள் சோதனை எண் 10.3 என்றால் முடிவே தலைகீழ். இந்தச் சோதனையை 1900-இல் கொண்டுவந்த கார்ல் பியர்சனே தரவிலிருந்து மதிப்பிடும்போது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதைச் சரியாகக் கையாளவில்லை. 1922-இல் ரொனால்ட் ஃபிஷர்தான் திருத்தினார். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு செமஸ்டர் தாளுக்கு 90 நிமிடம், 60 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். பி பிரிவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 15 புள்ளிக் கேள்வியை முதல் பகுதி எளிதாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், கடைசிப் பகுதி வரை படித்துவிட்டு எடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தைத் திருப்பிப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பதற்றத்தோடு சரியான விடையை அழித்துத் தப்பான விடையை எழுதிவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் ரப்பரை மேசைமேல் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.